சூடு போக ஒரு வழி

உங்கள் வீட்டில் ஒயர்லெஸ் சார்ஜர் இருக்கிறதா? அப்பளம் அளவில் வட்டமாக மேஜை மேல் கிடக்குமே, அதுதான். இருந்தால் ஒரு சின்ன சோதனை. அதன் மேல் போனை வைத்து, அரை மணி கழித்து எடுத்து, முதுகுப் பக்கத்தைக் கன்னத்தில் ஒற்றிப் பாருங்கள். காய்ச்சல்காரக் குழந்தையின் நெற்றி மாதிரி இருக்கும். இந்த வாரம் அந்தக் காய்ச்சலைப் பற்றி.

'இதெல்லாம் பணக்காரச் சமாசாரம்' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் ஒரு காலத்தில் கோடாலித் தைலமும் நெய்ல் கட்டரும் வந்த அதே சிங்கப்பூர்ப் பெட்டியில், அதே துபாய்ப் பெட்டியில், இப்போது இந்த அப்பளமும் வருகிறது. கும்பகோணத்திலும் மன்னார்குடியிலும் வயதான அம்மா அப்பா இருக்கிற பல வீடுகளில், டி.வி. ஸ்டாண்டு பக்கத்தில் அது உட்கார்ந்திருக்கிறது. எப்படி வேலை செய்கிறது, ஏன் சுடுகிறது என்று கொண்டுவந்த பிள்ளைக்கும் தெரியாது, வாங்கிக்கொண்ட அப்பாவுக்கும் தெரியாது.

முதலில் பெயர். இந்த வகை சார்ஜருக்கு க்யூஐ என்று பெயர். எழுதுவதுதான் அப்படி; உச்சரிப்பது 'ச்சீ'. சீன மொழியில் உயிர்ச்சக்தி என்று அர்த்தம். நம்ம ஊர்க் கடையில் போய் "ச்சீ சார்ஜர் இருக்கா?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன நினைப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. எந்தக் கம்பெனி போனும் எந்தக் கம்பெனி தட்டிலும் சார்ஜ் ஆக வேண்டும் என்பதற்காக, 2008-ல் பல கம்பெனிகள் சேர்ந்து ஒயர்லெஸ் பவர் கன்சார்ட்டியம் என்று ஒரு சங்கம் வைத்துக்கொண்டன. அந்தச் சங்கம் வகுத்த முறைதான் க்யூஐ. 2012-ல் நோக்கியா தன் லூமியா 920-ல் இதைப் போட்டது. 2017-ல் ஐபோனும் சேர்ந்துகொண்ட பிறகு ஊரெல்லாம் பரவிவிட்டது.

சங்கதி புதுசு, சரக்கு பழசு. 1831-ல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே ஒரு இரும்பு வளையத்தில் இரண்டு கம்பிச் சுருள்களைச் சுற்றினார். ஒன்றில் மின்சாரத்தை மாற்றினால், அதைத் தொடாத இன்னொன்றில் மின்சாரம் பிறந்தது. உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மரும் இதே வித்தைதான். ஒயர்லெஸ் சார்ஜர் என்பது இரண்டாக வெட்டிய டிரான்ஸ்ஃபார்மர்: ஒரு பாதி தட்டுக்குள், மறு பாதி போனின் முதுகுக்குள். தட்டில் இருக்கும் செம்புச் சுருளில் மின்சாரம் விநாடிக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் முன்னும் பின்னும் அலைகிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம், கண்ணாடி முதுகைத் தாண்டி, போனில் இருக்கும் சுருளில் மின்சாரத்தை எழுப்புகிறது. இடையில் ஒயர் இல்லை. காற்றும் கண்ணாடியும்தான்.

இந்த இடைவெளியில்தான் சிக்கல் ஆரம்பிக்கிறது. டெல்டாக்காரர்களுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கல்லணைக்கு வர மூன்று நான்கு நாளாகும். அதற்கப்புறம் வெண்ணாறு, வெட்டாறு, வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து கடைமடைக்குப் போய்ச் சேரும்போது, திறந்த தண்ணீர் அத்தனையும் வந்து சேருமா? சேராது. வழியெல்லாம் மண் குடிக்கும், வெயில் குடிக்கும். மின்சாரத்துக்கும் கடைமடை உண்டு. ப்ளக்கில் கிளம்பியதெல்லாம் பேட்டரிக்குப் போய்ச் சேராது. ஒரே ஒரு வித்தியாசம்: வழியில் மண் குடித்த தண்ணீர் நாளைக்கு யாரோ ஒருவருடைய கிணற்றில் ஊறும். வழியில் தொலைந்த மின்சாரம் சூடாகத்தான் மாறும். வேறு எங்கேயும் போக அதற்கு வழி கிடையாது.

எங்கெங்கே தொலைகிறது? தட்டின் செம்புச் சுருளில் கொஞ்சம். போனின் சுருளில் கொஞ்சம். முன்னும் பின்னும் அலைகிற மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி நேர் மின்சாரமாக மாற்றும் சிப்பில் கொஞ்சம். சுற்றியிருக்கிற உலோகப் பாகங்களில் சுழன்று சுழன்று வீணாகும் சுழல் மின்னோட்டத்தில் கொஞ்சம். கடைசியாக, சார்ஜ் ஏறும்போது பேட்டரியே தன் உள்தடையால் கொஞ்சம் சுடும். ஒயரில் சார்ஜ் செய்தாலும் இந்தக் கடைசிச் சூடு உண்டு. மாற்றுகிற சிப் அதிலும் கொஞ்சம் சுடும். சுருள்களின் சூடுதான் ஒயரில்லாத சுகத்துக்கு நாம் கொடுக்கிற வட்டி.

15 வாட் தட்டில் நாலில் ஒரு பங்கு வீணாகிறது என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட 4 வாட். 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று தோன்றும். ஒரு சின்ன எல்.இ.டி. பல்பைப் போர்வைக்குள் சுருட்டி வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். போனுக்குள் ஃபேன் கிடையாது. சூடு வெளியேற அதற்கு இருப்பது முகமும் முதுகும் மட்டுமே. ஒயர்லெஸ் சார்ஜ் செய்யும்போது முதுகை ஒரு பிளாஸ்டிக் தட்டின் மேல், அதுவும் தானே சுடுகிற ஒரு தட்டின் மேல், ஒட்டிப் படுக்கப் போட்டுவிடுகிறோம். அந்தப் பக்கம் மூக்கைப் பொத்திய மாதிரி.

இங்கிலாந்தில் வார்விக் பல்கலைக்கழகத்தில் இதை அளந்து பார்த்து 2019-ல் வெளியிட்டார்கள். ஒரே மாதிரிப் போனை மூன்று விதமாக சார்ஜ் செய்தார்கள்: ஒயரில், தட்டின் நடுவில் சரியாக வைத்து, தட்டில் கொஞ்சம் கோணலாக வைத்து. ஒயரில் போட்டதன் சராசரி வெப்பநிலை 27 டிகிரியைத் தாண்டவில்லை. தட்டில் சரியாக வைத்தது 30.5 வரை போய், பிறகு மெல்ல இறங்கியது. கோணலாக வைத்ததும் அதே உச்சத்துக்குத்தான் போனது. ஆனால் சீக்கிரம் போனது, இறங்க மறுத்தது. சரியாக வைத்தது 55 நிமிஷம் உச்சச் சூட்டில் இருந்தது என்றால், கோணலாக வைத்தது 125 நிமிஷம் இருந்தது. மடைக்கு நேராக வாய்க்கால் இல்லையென்றால் தண்ணீர் வரப்பில்தானே பாயும்? இரண்டு சுருள்களும் நேருக்கு நேர் இல்லாதபோது தட்டு கூடுதலாக மூச்சுப் பிடித்துத் தள்ளுகிறது. தள்ளியதில் பாதி வரப்போடு போகிறது.

27, 30 என்றதும் தஞ்சாவூர் வாசகர்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. அதெல்லாம் அங்கே சார்ஜ் ஏறுகிற போனின் சூடு. இங்கே மார்கழி மத்தியானத்துக்கே அந்தச் சூடு உண்டு. கத்திரி வெயிலில் 38, 39 டிகிரி என்பது தஞ்சாவூரில் சர்வசாதாரணம். ஆப்பிள் கம்பெனி தன் ஐபோனைச் சுற்றுப்புறம் 0 முதல் 35 டிகிரி வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்தச் சொல்கிறது. அதாவது சித்திரை, வைகாசியில் ஏ.சி. இல்லாத ஒரு டெல்டா வீட்டுக் கூடத்தில், பெட்டியைப் பிரித்த நிமிஷத்திலேயே போன் எல்லைக்கு வெளியே வந்துவிடுகிறது. அதற்கு மேல்தான் தட்டின் சூடு.

என் சித்தப்பாவின் வீடு அப்படிப்பட்டது. தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகிற வழியில் உள்ளடங்கிய கிராமம். எழுபத்தெட்டு வயது. சித்தி போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. மகன் சிங்கப்பூரில். சித்தப்பாவுக்கு இரண்டு கையும் நடுங்கும். கண்ணில் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. போனின் அடியில் இருக்கும் அந்தத் துக்கிணியூண்டு ஓட்டையில் சார்ஜர் பின்னைச் செருக அவருக்கு வரவில்லை. செருகிச் செருகி ஒரு போனின் ஓட்டையே தளர்ந்து போனது. அதனால்தான் மகன் இந்தத் தட்டை வாங்கி அனுப்பினான். வைத்தால் போதும், எடுத்தால் போதும். எனவே, 'ஒயர்தான் குளிர்ச்சி, அதற்கே மாறிவிடுங்கள்' என்று நான் அவருக்கு உபதேசம் செய்ய முடியாது. அவருக்கு இது சுகம் இல்லை, தேவை.

போன மே மாதம் பார்க்கப் போயிருந்தேன்.

"ஏண்டா தம்பி, இது எண்பதுலயே நின்னு போவுது. மேல ஏறவே மாட்டேங்குது. தட்டு கெட்டுப் போச்சா?"

"தட்டு நல்லாத்தான் இருக்கு சித்தப்பா. சூடு தாங்கலைன்னா போனே சார்ஜை நிறுத்திக்கும். உள்ள அதுக்குன்னு சென்சார் இருக்கு."

"அப்ப நல்லதுதானே?"

"இன்னிக்கு நல்லதுதான். தினம் இப்படியே சுட்டா பேட்டரி சீக்கிரம் கெழடு தட்டிடும்."

"என்னை மாதிரின்னு சொல்லு."

சொல்லிவிட்டு எழுந்து வந்து, போனை எடுக்காமல் அதன் அடியில் கையை நுழைத்தார். தட்டு கட்டில் மேல், மெத்தையில், நாலாக மடித்த துண்டின் மேல் இருந்தது. போனுக்கு ரப்பர் உறை. பக்கத்தில் தலையணை. கரண்ட் இருந்தும் ஃபேன் ஓடவில்லை; அவர் திண்ணையில் இருந்ததால் நிறுத்தியிருந்தார். கையை வெளியே எடுத்தவர் சொன்னார்: "அட, ஈர நெல்லை அம்பாரமாக் குமிச்ச மாதிரில்ல இருக்கு!"

நான் ஆறு பத்தியில் சொன்னதை அவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார்.

நகரத்து வாசகர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுத்து அடித்த நெல் உயிருள்ள பொருள். அது மூச்சு விடுகிறது. மூச்சு விடும்போது சூட்டையும் ஈரத்தையும் வெளியேற்றுகிறது. காய்ந்த நெல் மெதுவாக மூச்சு விடும். ஈர நெல் வேகமாக மூச்சு விடும். கூடவே பூஞ்சைகளும் கிளம்பும். களத்தில் பரப்பியிருந்தால் அந்தச் சூடு காற்றோடு போய்விடும். அதையே ஆள் உயரத்துக்குக் குவித்தால் நடுவில் இருக்கும் சூடு வெளியே வர வழியில்லை. உமி நல்ல போர்வை. சூடு ஏற ஏற மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் சூடு இன்னும் ஏறும். இரண்டு மூன்று நாளில் நெல் அவிந்து, அரிசி மஞ்சளித்துவிடும். அதனால்தான் எந்த விவசாயியும் அம்பாரத்தைப் பார்த்ததும் முழங்கை வரை கையை உள்ளே விட்டுப் பார்க்கிறார். மேலே தொட்டால் ஒன்றும் தெரியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் என்று கறாராக நிற்பதற்கும், மழை வருஷங்களில் மத்தியக் குழு வந்து பார்த்து அதைக் கொஞ்சம் தளர்த்துவதற்கும் பின்னால் இருக்கும் விஷயங்களில் இந்தச் சூடும் ஒன்று.

டெல்டா இதற்காக ஒரு ஆராய்ச்சி நிலையமே கண்டது. அறுபதுகளின் பிற்பகுதியில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால நெல் வந்தது. நல்ல மகசூல். ஆனால் குறுவை அறுவடை சரியாக ஐப்பசி மழையில் வந்து மாட்டிக்கொண்டது. களத்தில் காயப்போட வெயில் இல்லை. குவித்தால் சூடேறிக் கெட்டது. இந்தத் தலைவலியைத் தீர்க்கத்தான் 1967-ல் திருவாரூரில், நவீன அரிசி ஆலையில், ஒரு சின்ன ஆராய்ச்சிக்கூடம் ஆரம்பித்தார்கள். அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாக வளர்ந்து, பின்னால் தஞ்சாவூருக்கு இடம்பெயர்ந்தது. இன்றைக்குப் புதுக்கோட்டை சாலையில், 'நிஃப்டம்' என்ற பெயரில் தேசிய அளவிலான உணவுத் தொழில்நுட்பக் கல்வி நிறுவனமாக நிற்கிறது. குவியலுக்குள் மாட்டிக்கொண்ட சூட்டிலிருந்து பிறந்த நிறுவனம் அது.

வைக்கோலிலும் இதே கதைதான். ஈர வைக்கோலைப் போர் போட்டால் உள்ளே நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பிக்கும். சூடு ஏறும். ஒரு கட்டத்துக்கு மேல் நுண்ணுயிர்களே செத்துப்போகும். அதற்கப்புறம் வேதிவினை அந்த வேலையை எடுத்துக்கொள்ளும். யாரும் தீக்குச்சி கிழிக்காமலே போர் பற்றிக்கொள்வதும் உண்டு. லித்தியம் பேட்டரி தீப்பிடிப்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குத்தான்: உள்ளே பிறக்கிற சூடு, வெளியே போகிற சூட்டை மிஞ்சிவிடுகிறது, சூடே மேலும் சூட்டைப் பிறப்பிக்கிறது. பயப்பட வேண்டாம். நல்ல பேட்டரி, நல்ல தட்டு என்றால் போன் அந்தக் கட்டத்துக்குப் போவது அபூர்வம். அதற்கு வெகு முன்னாலேயே சென்சார் குறுக்கே விழுந்து நிறுத்திவிடும். நான் கவலைப்படுவது வேறு ஒன்றைப் பற்றி. தீ இல்லை, புகை இல்லை, சத்தமில்லாமல் நடக்கிற நஷ்டம்.

லித்தியம் அயான் பேட்டரியை 1991-ல் சோனி கம்பெனி கடைக்குக் கொண்டுவந்தது. அதைச் சாத்தியமாக்கிய குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவ்வளவு பெரிய கண்டுபிடிப்புக்கும் சூடு என்றால் ஆகாது. பேட்டரிக்குள் வேண்டாத சில வேதிவினைகள் எப்போதும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். பாத்திரத்தின் அடியில் உப்புப் படிவது போல, உள்ளே ஒரு படலம் தடித்துக்கொண்டே போகும்; அதில் லித்தியம் சிறைப்படும். தோராயமாக ஒவ்வொரு 10 டிகிரிக்கும் இந்த வினைகளின் வேகம் இரட்டிக்கும் என்பது ரசாயனக்காரர்களின் கைக்கணக்கு. பேட்டரித் தொழிலில் அடிக்கடி எடுத்துக்காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. பேட்டரியை 25 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருஷம் சும்மா வைத்திருந்தால் அதன் கொள்ளளவில் 96 சதவீதம் மிஞ்சும். அதையே 40 டிகிரியில், முழு சார்ஜில் வைத்திருந்தால் மிஞ்சுவது 65 சதவீதம். பயன்படுத்தவே இல்லை, சும்மா வைத்திருந்ததற்கே இந்தத் தேய்மானம். சூடும் முழு வயிறும் சேர்ந்தால் ஆபத்து அதிகம். ராத்திரி முழுக்கத் தட்டின் மேலேயே போனை விட்டுவைப்பவர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

'போனால் போகிறது, இரண்டாயிரம் ரூபாய்க்கு வேறு பேட்டரி' என்று நீங்கள் சொல்லலாம். சித்தப்பாவின் நாளைக் கொஞ்சம் பாருங்கள். நெல் போடப் பதிவு செய்ய வேண்டுமென்றால் ஓ.டி.பி. போனில் வரும். பாங்கியில் பணம் ஏறினால் போனில் தெரியும். முறை வைத்துத் தண்ணீர் விடும்போது யார் மடை எப்போது என்கிற தகவல் போனில். ராத்திரி எட்டரை மணிக்குப் பேத்தி வீடியோவில் வருவாள். திடீரென்று நெஞ்சைப் பிடித்தால் 108-க்கு அடிக்க வேண்டியதும் அதே போன்தான். காலையில் நூறு காட்டி மத்தியானம் பன்னிரண்டுக்கு அணைந்துபோகிற போன், தனியாக இருக்கும் ஒரு கிழவருக்கு இருந்தும் இல்லாத போன்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. தென்னை சாய்ந்தது, கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. யாரிடமாவது ஜெனரேட்டர் இருந்தால் அங்கே வரிசையில் நின்று, காசு கொடுத்து சார்ஜ் போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்த மாதிரி நாளில் ஒரு சார்ஜ் ஒன்றரை நாள் தாங்குமா, அரை நாளில் போய்விடுமா என்பது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்று அனுபவித்தவர்களைக் கேளுங்கள். கோடையில் தட்டின் மேல் நாம் இழக்கிற பேட்டரி, ஐப்பசி, கார்த்திகையில் தேவைப்படும்போதுதான் கணக்குக் கேட்கும்.

சரி, என்ன செய்தோம்? சித்தப்பா சொன்னார்: "ஈர நெல்லுன்னா பரப்பணும், துழாவணும், காத்துல விடணும். வேறென்ன?" அதையேதான் செய்தோம்.

முதலில் தட்டைக் கட்டிலிலிருந்து இறக்கினோம். மெத்தை, துண்டு, சோபா எல்லாம் சூட்டுக்குப் போர்வை. அவர் வீட்டு சிவப்பு சிமென்ட் தரை சூட்டை இழுத்துக்கொள்ளும். தரையில் குனிய முடியாது என்பதால், ஜன்னலோர கடப்பாக்கல் பலகையில் வெயில் படாத மூலை. மேலே ஃபேன்.

சார்ஜ் போடும்போது ரப்பர் உறையைக் கழற்றினோம். உறை இரண்டு விதத்தில் கெடுதல்: சூட்டை வெளியே விடாது, இரண்டு சுருள்களுக்கும் நடுவே தூரத்தைக் கூட்டி விரயத்தையும் கூட்டும். உறைக்குள் செருகி வைத்திருந்த பஸ் டிக்கெட், பத்து ரூபாய்க் காசு, கோயில் குங்குமம் சுற்றிய ஜிகினாத் தாள் எல்லாம் வெளியே வந்தன. காசும் ஜிகினாவும் உலோகம். சுழல் மின்னோட்டம் அதில்தான் முதலில் குடியேறும். நல்ல தட்டுகள் இதைக் கண்டுபிடித்து நிறுத்திவிடும். மலிவுத் தட்டுகளை நம்ப முடியாது.

அடுத்தது கோணல். நடுங்குகிற கையால் நடுமையத்தில் வை என்றால் எப்படி வைப்பார்? 2023-ல் வந்த க்யூஐ-2 முறையில் காந்தம் உண்டு. போன் தானே 'டக்'கென்று சரியான இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சித்தப்பாவின் போன் அந்த வகை இல்லை. அதனால் படுக்கைத் தட்டுக்குப் பதிலாகச் சாய்ந்து நிற்கிற ஸ்டாண்டு ஒன்று வாங்கினோம், அந்தப் போனின் சுருள் எங்கே வரும் என்று பொருத்திப் பார்த்து. கீழே ஒரு விளிம்பு இருக்கிறது. போனைச் சும்மா சாய்த்தால் போதும், உயரம் தானே சரியாகிவிடும். போதாததற்கு முகத்தில் தாராளமாகவும், முதுகின் ஓரங்களில் கொஞ்சமும் காற்றுப் படும்.

பிறகு நேரம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு போனைத் தட்டில் போட்டு உறங்குவது அவர் வழக்கம். அதை விடியற்காலைக்கு மாற்றினோம். நாலரைக்கு எப்படியும் எழுந்துவிடுகிறவர். ஒரு நாளில் வீடு குளிர்ந்திருப்பது அந்த நேரத்தில்தான். குளித்துப் பூஜை முடிப்பதற்குள் ஏறிவிடும். செட்டிங்கில் 80 சதவீதத்தோடு நிறுத்து என்று போட்டுவிட்டேன். வேகமான அடாப்டரைக் கழற்றிவிட்டுப் பழைய நிதானமான அடாப்டர். கம்பியில் பிறக்கும் சூடு, மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் பாதியானால் அந்தச் சூடு கால் பங்காகிவிடும். அவசரம் இல்லாதவருக்கு அவசர சார்ஜ் எதற்கு?

சார்ஜ் ஏறும்போது வீடியோ பார்க்காதீர்கள். ப்ராஸஸரும் சேர்ந்து சுடும். சுடுகிறதே என்று ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் ஈரக் காற்று உள்ளே வியர்த்துவிடும். முதுகு உப்பியிருந்தால், திரை ஒரு ஓரத்தில் எழும்பியிருந்தால், அதற்கு மேல் சார்ஜே போடாதீர்கள். அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், கடைக்குக் கொண்டுபோய் பேட்டரியை மாற்றுங்கள். சித்தப்பாவின் போனுக்கும் அது தேவைப்பட்டது. கீழவாசலில் ஒரு கடையில் மாற்றினோம். பழைய பேட்டரி நன்றாக ஊதிய பூரி மாதிரி இருந்தது.

போனைச் செய்கிறவர்களும் இந்தக் களத்துமேட்டு வித்தையைத்தான் செய்கிறார்கள். ஓரிடத்தில் பிறக்கும் சூட்டை முதுகு முழுக்கப் பரப்ப, உள்ளே மெல்லிய கிராஃபைட் தாள் ஒட்டுகிறார்கள். நெல்லைக் காலால் துழாவிப் பரப்புகிற வேலை அதற்கு. விலை அதிகமான போன்களில் வேப்பர் சேம்பர் என்று தகடு போல ஒரு மூடிய அறை இருக்கும். அதற்குள் துளி திரவம். சூடான இடத்தில் ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் போய்ப் படிந்து, மறுபடி ஊறித் திரும்பும். நம் மண்பானையில் ஆவி வெளியே போய்விடும். இதில் உள்ளேயே சுற்றி வரும், அவ்வளவுதான். அதிவேகத் தட்டுகள் சிலவற்றில் அடியில் குட்டி ஃபேனே வைத்துவிட்டார்கள்.

ஆனால் விளம்பரத்தில் எதைப் போடுகிறார்கள்? 15 வாட், 25 வாட், 50 வாட். எத்தனை நிமிஷத்தில் ஏறும் என்று கொட்டை எழுத்தில். 38 டிகிரி கூடத்தில் அரை மணி சார்ஜ் ஆனால் முதுகு எத்தனை டிகிரி சுடும் என்று அட்டைப் பெட்டியின் எந்த ஓரத்திலும் காணோம். வாங்குகிறவர்கள் கேட்பதில்லை, அதனால் விற்கிறவர்கள் சொல்வதில்லை. அடுத்த தடவை கடைக்குப் போனால் எத்தனை வாட் என்று கேட்டுவிட்டு, "எவ்வளவு சுடும்?" என்றும் கேளுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். கூச்சப்படாமல் டெமோவுக்கு வைத்திருக்கும் போனைத் தட்டிலிருந்து தூக்கி, அடியில் கையை விட்டுப் பாருங்கள்.